கடலை நிரப்பி எழுந்த இரண்டு நகரங்கள்: ‘அகிரா’வும் கொழும்பும்

ஜப்பானிய ஓவியர் கட்சுஹிரோ ஒட்டோமோ 1982 டிசம்பரில் ‘யங் மகசின்’ இதழில் ஒரு சித்திரத் தொடரைத் தொடங்கினார். ஒரே வெடிப்பில் டோக்கியோ அழிகிறது, மூன்றாம் உலகப் போர் மூள்கிறது. போர் ஓய்ந்த பிறகு டோக்கியோ விரிகுடாவில் நிலம் அமைத்து, நியோ டோக்கியோ என்ற பெயரில் புதிய நகரம் ஒன்றைக் கட்டுகிறார்கள். கதை நடக்கும் ஆண்டு 2019. மறு ஆண்டு நடக்கவிருக்கும் ஒலிம்பிக் போட்டிக்கு அரங்கம் எழுந்துகொண்டிருக்கிறது. ‘அகிரா’ என்ற அந்தத் தொடர் 1990 வரை வந்தது. ஆறு தொகுதிகள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். எதிர்கால நகரத்தைக் களமாகக் கொண்ட கிராபிக் நாவல் என்று பேச்செடுத்தால் உலகெங்கும் முதலில் சொல்லப்படும் பெயர்களில் அது ஒன்று.

அந்த 2019 உண்மையிலேயே வந்தது. ஜனவரியில் கொழும்புக் கோட்டைக்கு முன்னால் கடலை நிரப்பும் வேலை முடிந்து, 269 ஹெக்டேயர் புதிய நிலம் துறைமுக நகர் என்ற பெயரில் தயாராக இருந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் மற்றத் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. நாடு முழுவதும் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவசரகாலச் சட்டம் வந்தது, சமூக ஊடகங்கள் சில நாட்கள் முடக்கப்பட்டன. செப்டெம்பர் 16 அன்று பேர வாவிக் கரையில் 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம் திறந்துவைக்கப்பட்டது. கடலில் எழுந்த நகரம், குண்டுவெடிப்பு, அவசரகாலம், வானளாவிய கோபுரம் எல்லாம் ஒரே ஆண்டில். ஒட்டோமோ கொழும்பை நினைத்து ஒரு கோடும் கீறியவர் அல்லர். ஆனால் ‘அகிரா’வைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொழும்பைப் பார்த்தால் நகரத்தைப் பற்றிப் பல விடயங்கள் துலங்குகின்றன. கொழும்பின் எதிர்காலத்தை இதுவரை யார் வரைந்தார்கள், அந்தப் படங்களில் தமிழர் செறிந்து வாழும் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் எங்கே இருக்கின்றன என்று கேட்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் நியோ டோக்கியோ. விரிகுடாவில் நகரம் கட்டுவது ஒட்டோமோவின் வெறும் கற்பனை அல்ல. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே 1960 இல் டோக்கியோவுக்கு ஒரு திட்டம் வரைந்தார். பெருகும் சனத்தொகைக்குப் பழைய நகரம் போதாது என்று சொல்லி, விரிகுடாவின் குறுக்கே நெடும் பாலங்களும் அவற்றின் மேல் குடியிருப்புகளுமாகக் கடலுக்குள் நகரத்தை நீட்டினார். அது கட்டப்படவில்லை. அதே டாங்கே 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக யோயோகி உள்ளரங்கத்தை வடிவமைத்தார். போரில் எரிந்த நாடு எழுந்துவிட்டது என்று உலகத்துக்குக் காட்டிய விழா அது. 1954 இல் பிறந்த ஒட்டோமோவின் தலைமுறை வளர்ந்தது அந்தப் பெருமிதத்துக்குள். அவர் செய்தது, கட்டப்படாத திட்டத்தைத் தன் தாளில் கட்டி முடித்து, அதற்குள் யார் வாழ்வார்கள் என்று பார்த்ததுதான். அரசியல்வாதிகள், இராணுவம், ஆய்வுகூடம், மதக் கூட்டம், வேலையற்ற இளைஞர், தொழிற்கல்விப் பள்ளியில் அடிவாங்கும் பையன்கள். கதை இந்தப் பையன்களிடமிருந்தே தொடங்குகிறது. கனேதாவும் தெட்சுவோவும் தங்கள் மோட்டார் சைக்கிள் கூட்டத்தோடு இரவில் பழைய நகரத்தை நோக்கி ஓட்டிப்போகிறார்கள். வெடித்த இடத்தின் குழி வாயில் நெடுஞ்சாலை முறிந்து நிற்கிறது. பளபளக்கும் புதிய நகரத்தின் வீதி, அழிந்த நகரத்தின் இருட்டில் போய் அறுந்துபோவதைத் தொடக்கப் பக்கங்களிலேயே வாசகர் கண்டுவிடுகிறார். ஒலிம்பிக் அரங்கம் எழுவதும் அந்தப் பழைய நகரத்தின் மேல்தான். அதன் அடியில், உறைகுளிரில், அகிரா என்ற சிறுவனை அரசு ஒளித்து வைத்திருக்கிறது.

ஒட்டோமோ கட்டடம் வரையும் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவருடைய வானளாவிகளில் ஜன்னல்கள் கும்பலாகத் தீட்டப்பட்டவை அல்ல. ஒவ்வொரு ஜன்னலும் தனியாகக் கோடு இழுத்து வரையப்பட்டிருக்கிறது. அவற்றின் கீழே கம்பிகள், குழாய்கள், கிழிந்த சுவரொட்டிகள், வெடித்த சீமெந்து, குப்பை. கட்டடத்துக்கு வயது இருக்கிறது. மூன்றாம் தொகுதியின் முடிவில் அகிராவின் சக்தி கட்டவிழும்போது பேச்சு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. பக்கம் பக்கமாகக் கோபுரங்கள் சாய்கின்றன, தெருக்கள் பிளக்கின்றன, கடல் உள்ளே வருகிறது. அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது நெஞ்சு பதறுவதற்குக் காரணம், அதற்கு முந்திய நூற்றுக்கணக்கான பக்கங்களில் அந்த ஜன்னல்களை நாம் பார்த்திருப்பதுதான். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஓவியர் நம்மை நம்பவைத்துவிட்டார். கதையின் பின்பாதி முழுவதும் இடிபாடுகளுக்குள் நடக்கிறது. அழிவோடு கதையை முடிக்காமல், அழிவுக்குப் பிறகு யார் யாருக்குச் சோறு போடுவார்கள் என்று இன்னும் மூன்று தொகுதிகள் வரைந்த பொறுமைதான் ‘அகிரா’வைப் பெரிய படைப்பாக்குகிறது என்பது என் எண்ணம்.

எதிர்கால நகரத்தை வரைவதில் அவருக்கு முன்னோடிகள் உண்டு. 1976 இல் பிரெஞ்சு ஓவியர் மோபியஸ், டான் ஓபனன் எழுதிய ‘த லோங் டுமோரோ’ என்ற சிறிய கதைக்கு, நிலத்துக்குள் பல தளங்களாக இறங்கிச் செல்லும் நகரம் ஒன்றை வரைந்தார். 1982 இல் வெளிவந்த ‘பிளேட் ரன்னர்’ திரைப்படத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு அந்தப் பக்கங்கள் வழிகாட்டின. அந்தப் படத்தின் காலமும் 2019 தான். 1977 முதல் பிரித்தானிய இதழில் வந்த ‘ஜட்ஜ் ட்ரெட்’ கதைகளில் கோடிக்கணக்கான மக்கள் பிரமாண்டமான அடுக்குமாடிகளில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். நீதிபதியும் பொலிசும் தண்டனை நிறைவேற்றுபவரும் ஒருவரேயாகத் தெருவில் திரிகிறார். இந்தப் படைப்புகளுக்கெல்லாம் பொதுவான பண்பு ஒன்று உண்டு. மேல்தளமும் அடித்தளமும் ஒரே பக்கத்தில் வரும். கோபுரத்தின் உச்சியிலிருந்து சாக்கடை வரை கண் ஒரே இழுப்பில் இறங்கும். உரைநடை நாவல் அடுத்தடுத்துச் சொல்ல வேண்டியதைச் சித்திர நாவல் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே பார்வையில் வைத்துவிடும். இந்த வடிவத்துக்கே உரிய பலம் அது.

இனிக் கொழும்பு. துறைமுக நகரும் முதலில் படமாகத்தான் வந்தது. 2014 செப்டெம்பர் 17 அன்று சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் முன்னிலையில் வேலை தொடங்கியது. ஆரம்ப முதலீடு 140 கோடி அமெரிக்க டொலர். 2015 ஆட்சி மாற்றத்தோடு வேலை நிறுத்தப்பட்டு, 2016 இல் புதிய உடன்படிக்கையுடன் மீண்டும் தொடங்கியது. நிலம் கடலுக்கு மேலே தலைகாட்டுமுன்பே கணினியில் தீட்டிய படங்கள் பத்திரிகைகளிலும் விளம்பரப் பலகைகளிலும் வந்துவிட்டன. அந்தப் படங்களைக் கூர்ந்து பாருங்கள். பார்வை பெரும்பாலும் வானத்திலிருந்தோ கடலிலிருந்தோ வருகிறது. கண்ணாடிக் கோபுரங்கள், நீல வாய்க்கால்கள், பாய்மரப் படகுகள். மழை இல்லை, மின்கம்பி இல்லை. மனிதர்கள் மெலிந்த உருவங்களாக, வெளிறிய உடைகளில், கையில் ஒரு பையோடு நடக்கிறார்கள். எவரும் வேலை செய்வதாகத் தெரியவில்லை. கோபுரங்களுக்குப் பின்னே பழைய கொழும்பு மங்கலான பச்சையாகக் கரைந்துபோகிறது. அந்தப் பச்சைக்குள்தான் கொட்டாஞ்சேனை இருக்கிறது.

ஒட்டோமோவின் நெடுஞ்சாலை போலச் சாலை முறியும் இடம் இந்தப் படங்களில் இல்லை. நிலம் எங்கிருந்து வந்தது என்பதும் இல்லை. அந்த 269 ஹெக்டேயரை நிரப்பக் கடலடியிலிருந்து அள்ளிய மணல் ஏறத்தாழ 650 இலட்சம் கன மீற்றர். மணல் அள்ளிய கடலில் வலை வீசி வாழ்ந்த நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள், மீன் இனப்பெருக்கம் அழிகிறது என்றும் கரை அரிக்கிறது என்றும் 2016 இல் போராடினார்கள். கத்தோலிக்கக் குருமார் அவர்களோடு நின்றார்கள். ஒரு சித்திர நாவலாசிரியரிடம் இந்தச் செய்தி கிடைத்தால் முதல் பக்கத்தையே அங்கே தொடங்குவார்: கடலுக்கடியில் உறிஞ்சு குழாய், மேலே சிறு படகு, தொலைவில் கோபுரம். மூன்றும் ஒரே சட்டகத்தில்.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திர நாவலில் சுவரில் உள்ள எழுத்தும் பாத்திரம்தான். நியோ டோக்கியோவின் விளம்பரங்களும் கிறுக்கல்களும் அந்த நகரம் யாருடையது என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. 2021 மே மாதம் கொழும்பில், சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியுடன் அமைந்த மின் நூலகம் ஒன்றின் பெயர்ப்பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தன. நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்றான தமிழ் இல்லை. கண்டனம் எழுந்த பிறகு பலகை அகற்றப்பட்டது. அதே மாதம் 20 ஆம் திகதி துறைமுக நகருக்கென்று தனியான ஆணைக்குழுவை அமைக்கும் சட்டம் 149 வாக்குகளோடு பாராளுமன்றத்தில் நிறைவேறியது. வரும் நகரத்தின் சுவர்களில் எந்த மொழி இருக்கும் என்ற கேள்வியை அந்தச் சிறு பலகை எந்தக் கதாசிரியரையும் விடத் தெளிவாகக் கேட்டுவிட்டது.

கொட்டாஞ்சேனைக்குப் போவோம். புனித லூசியாள் பேராலயத்தின் கவிகை மாடம், 18 ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தர் கட்டிய வுல்பெண்டால் தேவாலயம், கொச்சிக்கடையில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயில், ஜம்பட்டா வீதியின் கடைகள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், மலைநாட்டிலிருந்து வேலை தேடி வந்தவர்கள், செட்டியார் தெருவில் நகை செய்தவர்கள், பரதவர், மலையாளிகள், முஸ்லிம்கள், சிங்களக் கத்தோலிக்கர் எல்லோரும் ஒரே சந்தில் வாழ்ந்து பழகிய இடம். அதற்கு வடக்கே புளூமெண்டால், முகத்துவாரம், மட்டக்குளி.

இந்த வட கொழும்பிலும் அதை ஒட்டிய தெமட்டகொடையிலும் ‘ஜட்ஜ் ட்ரெட்’டின் அடுக்குமாடிகள் உண்மையாகவே எழுந்தன. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகளை இராணுவத்தினர் நின்று இடித்தார்கள். பிறகு, வசதி குறைந்த குடியிருப்புகள் என்று வகைப்படுத்தப்பட்ட இடங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பன்னிரண்டு, பதினான்கு மாடித் தொகுதிகளுக்கு மாற்றப்பட்டன. விடுவிக்கப்பட்ட நிலம் முதலீட்டாளருக்கு. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வெளியிட்ட அறிக்கைகள் இந்த மக்களின் நிலையைப் பதிவு செய்தன. பலருடைய பழைய வீடு சீமெந்தில் கட்டியது, சிலருக்கு உறுதிப்பத்திரமும் இருந்தது. புதிய வீட்டுக்குப் பல ஆண்டுகள் மாதத் தவணை கட்ட வேண்டும். லிஃப்ட் பழுதானால் முதியவர் மாடியிலேயே அடைபட வேண்டும். வாசலில் அப்பம் சுட்டு விற்றவருக்கு ஒன்பதாம் மாடியில் வாசலே இல்லை.

இந்தக் கடைசி விடயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் ஓவியர் எத்தனை பக்கம் வரையலாம்! நீண்ட நடைபாதை, இருபுறமும் ஒரே மாதிரியான கதவுகள், ஒரு கதவின் முன்னால் அடுப்பு வைக்க இடம் தேடி நிற்கும் பெண். மறு சட்டகத்தில் நடைபாதை முடிவின் கம்பி ஜன்னல். அதற்கு வெளியே தாமரைக் கோபுரத்தின் விளக்கொளி. இதற்கு எதிர்காலத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பத்தாண்டுக்கு முன்னரே நடந்தது இது. அறிவியல் புனைவு செய்யக்கூடியது, இந்தக் கட்டடத்தை நூறு மாடியாக்கி, இரண்டு தலைமுறை கழித்து அதில் பிறந்த பேத்தி தரையைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருப்பாள் என்று கேட்பது.

கொட்டாஞ்சேனையில் ஏறி மொறட்டுவைக்குப் போகும் 102 ஆம் இலக்க பஸ்ஸில் வலப்பக்கம் இருந்து பயணம் செய்தால், காலிமுகத்திடலில் துறைமுக நகர் ஜன்னலுக்குள் வந்து போகும். பிறகு கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை. அங்கே காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கைகள் எல்லாம் ரயில் பாதையிலும் அதற்கு அப்பால் கடலிலும் போய் முடியும். வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இடம்பெயர்ந்தவர்களின் தொடர்மாடிகள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கிப் போட்ட வீடுகள், கோயில்கள், நகைக் கடைகள், கொழும்புத் தமிழ்ச் சங்கம், இராமகிருஷ்ண மிஷன் மண்டபம். கொழும்பில் தமிழில் சத்தமாகப் பேசிக்கொண்டு நடக்கக்கூடிய வீதிகள் என்று பலரும் உணரும் இடம்.

எதிர்கால நகரக் கதைகளில் குடிமக்களுக்கு இலக்கம் உண்டு. ‘அகிரா’வில் ஆய்வுகூடத்தின் பிள்ளைகளுக்கு உள்ளங்கையில் இலக்கம் பதிந்திருக்கிறது. தகாஷி 26, அகிரா 28. தமிழில் சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் பிள்ளை பெறுவதற்கு அரசின் அனுமதி வேண்டும், ஆட்களை இலக்கங்கள் அடையாளப்படுத்தும். ஜீவா என்ற தலைவனை மக்கள் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள், அவனோ வெறும் ஒளி உருவம் என்று பிறகு தெரியவருகிறது. அந்தத் தொடரைத் தமிழ்நாட்டு வாசகர்கள் வருங்காலக் கற்பனையாக வாசித்தார்கள். வெள்ளவத்தையில் அதை வாசித்தவர்களுக்கு அதில் பாதி அன்றாட நடப்பு. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த இலக்க வீட்டில் தமிழ்ப் பெயர் என்பதைக் கணினி சொல்லவில்லை, தட்டச்சிட்ட தாள் சொன்னது. பின்னர் போர்க் காலத்தில் வீட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் பொலிஸ் பதிவு. ஊரிலிருந்து மாமா வந்தால் அவருக்கும் படிவம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையும் பதிவுத் துண்டும் இரண்டும் காட்ட வேண்டும்.

2007 ஜூன் 7 விடியற்காலை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் எழுப்பப்பட்டார்கள். கொழும்பில் தங்குவதற்குத் தக்க காரணம் காட்ட முடியாதவர்கள் என்று சொல்லி 376 பேரை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். பொருட்களைக் கட்ட அரை மணி நேரம்கூடப் பலருக்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள், மருத்துவத்துக்கு வந்தவர்கள், வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு போட்டது. பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஒரு தலைநகரம் தன் குடிமக்களிடம் நீ இங்கே இருப்பதற்குக் காரணம் சொல் என்று கேட்ட நாள் அது. ‘பிளேட் ரன்னர்’ போன்ற கதைகளில் போலி மனிதர்களிடம் கேட்கப்படும் கேள்வி அதுவே. வெள்ளவத்தைவாசிகள் அதற்கு அரைத் தூக்கத்தில், லொட்ஜ் அறை வாசலில் நின்று பதில் சொன்னார்கள்.

அப்படியானால், இவ்வளவு அனுபவம் இருந்தும் எதிர்காலக் கொழும்பைத் தமிழில் சித்திர நாவலாக வரையும் மரபு ஏன் வேர்பிடிக்கவில்லை? தமிழ்க் கொமிக்ஸின் வரலாற்றில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது. சிவகாசியில் 1972 இல் முத்து கொமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984 இல் லயன், ராணி கொமிக்ஸ்கள் வந்தன. இலங்கையில் 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1977 க்குப் பின் கதவு திறந்ததும் மாயாவியும், பின்னர் ஸ்பைடரும் ஆர்ச்சியும் கொழும்பு, யாழ்ப்பாணப் புத்தகக் கடைகளுக்கு வந்தார்கள். கால எந்திரக் கோட்டையில் ஏறிக் காலம் தாண்டிய இரும்பு மனிதன் ஆர்ச்சிதான் பலருக்கு அறிவியல் புனைவின் முதல் ஆசான். ஆனால் அந்தக் கதைகள் எல்லாம் பிரித்தானிய ஓவியங்கள், தமிழ் வசனங்கள். வானளாவிகள் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் இருக்கும், அவற்றின் கீழே ஓடுபவன் தமிழில் கத்துவான். ஆங்கிலத்துக்கு அளந்த பேச்சுக் குமிழிகளுக்குள் தமிழ்ச் சொல் அடங்காது. மேலும் கீழும் கொம்பும் சுழியும் நீட்டும் எழுத்தைச் சுருக்கிச் சுருக்கித்தான் புகுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாக நாம் பிறர் நகரத்தின் படத்தில் நம் மொழியைக் குடியேற்றி வாசித்தோம். அந்த வாசிப்பு எனக்கு மிகப் பிரியமானது. என்றாலும் அது, உயர்ந்த கட்டடம் என்றால் பிறர் ஊர் என்ற எண்ணத்தை ஆழமாகப் பதித்துவிட்டது.

நம்மிடம் கோடு போடத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ‘சிரித்திரன்’ சுந்தர் என்ற சி. சிவஞானசுந்தரம் தினகரனில் சவாரித் தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை வரைந்தார். பின்னர் தன் சொந்த இதழையே அறுபதுகளில் கொழும்பில் தொடங்கி, யாழ்ப்பாணத்திலும் தொடர்ந்து நடத்தினார். ஒற்றைச் சட்டகத்துக்குள் ஒரு சமூகத்தின் நடை, உடை, பேச்சை அடக்கிய கை அது. நீண்ட கதைக்கு அந்தக் கை போகவில்லை. பிறகு போர் எல்லாவற்றையும் விழுங்கியது.

போர் முடிந்த பிறகு, அதே 2019 இல், ‘வன்னி’ என்ற கிராபிக் நாவல் வெளிவந்தது. 2008 செப்டெம்பர் வரை வன்னியில் ஐக்கிய நாடுகள் சபைப் பணியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சே பொலொக் வரைந்தது. சுனாமியிலிருந்து போர் முடிந்த முள்ளிவாய்க்கால் வரை ஒரு குடும்பத்தின் கதை, பலருடைய சாட்சியங்களிலிருந்து பின்னப்பட்டது. நம் கதையைச் சட்டகம் சட்டகமாகச் சொல்ல முடியும் என்று காட்டிய புத்தகம், ஆங்கிலத்தில், வெளியார் கையால் வந்தது. மதிப்போடுதான் இதைச் சொல்கிறேன். ஆனால் அது நடந்து முடிந்ததன் பதிவு. இனி வருவதைக் கற்பனை செய்வது வேறு வேலை.

அந்த வேலையும் கொழும்பில் நடக்கிறது, பெரும்பாலும் ஆங்கில உரைநடையில். ஆர்தர் சி. கிளார்க் 1956 இலிருந்து இங்கே வாழ்ந்தார். 1979 இல் வந்த ‘த பவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலில் இலங்கையைச் சற்றுத் தெற்கே நகர்த்தி நிலநடுக்கோட்டில் வைத்து, ஒரு மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் கோபுரம் கட்டினார். அது மலையையும் பிக்குகளையும் பற்றிய கதை. யுதஞ்ஜய விஜேரத்னவின் ‘த இன்ஹியூமன் ரேஸ்’ 2018 இல் வந்தது. பிரித்தானியப் பேரரசு வீழாத ஒரு மாற்று வரலாற்றில், சிதைந்த கொழும்பின் தெருக்களில் சிறுவர் கூட்டங்கள் அலைகின்றன. 2023 இல் வெளிவந்து நெபுலா விருது பெற்ற வஜ்ர சந்திரசேகரவின் ‘த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’ லூரியட் என்ற கற்பனை நகரத்தில் நடக்கிறது. இனக் கலவரங்களும் அடையாளப் பத்திரங்களும் தடுப்பு முகாம்களும் அன்றாடமாகிவிட்ட அந்த நகரத்தை வாசிக்கும் கொழும்புத் தமிழர் எவருக்கும் முகவரி தெரிந்துவிடும். சிங்களவரான ஓர் எழுத்தாளர், நம் லொட்ஜ் வாசல்களில் நடந்ததை வேறு பெயரில் இவ்வளவு கூர்மையாக எழுதியிருப்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. தமிழில், மெல்பேர்னில் வாழும் ஜே.கே.யின் ‘கந்தசாமியும் கலக்சியும்’ யாழ்ப்பாணத்து மனிதரை விண்வெளிக்கு அனுப்பிவைத்தது. ஈழத் தமிழ் அறிவியல் புனைவுக்கு ஏற்ற பேச்சுமொழி உண்டென்று அது காட்டியது. மீதமிருப்பது படம்.

படம் ஏன் அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துறைமுக நகரின் படங்களோடு உரைநடை மோத முடியாது. ஒரு படத்தின் பொய்யை இன்னொரு படம்தான் திருத்தும். 269 ஹெக்டேயர் கண்ணாடிக்குப் பின்னே மங்கிய பச்சையாகக் கரைந்துபோன கொட்டாஞ்சேனையை, ஒட்டோமோ செய்தது போல ஜன்னல் ஜன்னலாக வரைந்து முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். 2050 இலும் கொச்சிக்கடையில் செவ்வாய்க்கிழமை பூசைக்கு இந்துக்களும் வரிசையில் நிற்பார்களா? கடல் மட்டம் உயர்ந்தால் வெள்ளவத்தை ரயில் பாதை எங்கே போகும்? முகத்தை அடையாளம் காணும் கமெரா, பொட்டைக் கண்டதும் எந்தக் கோப்பைத் திறக்கும்? பொலிஸ் பதிவுப் படிவத்தின் இடத்தில் என்ன வரும்? நகரத்தின் பெயர்ப்பலகைகளில் தமிழ் இருக்குமா, இருந்தால் பிழையில்லாமல் இருக்குமா? ஒவ்வொரு கேள்வியும் ஒரு சட்டகம். சிங்களம் பேசும் நண்பனுக்கு அவன் எழுத்திலும் தமிழ் பேசும் தாய்க்கு அவள் எழுத்திலும் குமிழி வரைந்தால், மொழிபெயர்ப்பு இல்லாமலே நகரத்தின் பேச்சு பக்கத்தில் ஒலிக்கும். மூன்று மொழிக் குமிழிகளைத் தமிழ் எழுத்தின் அகலத்துக்கு ஏற்பத் தொடக்கத்திலேயே அளந்து வரைய முடிவது, கடன் வாங்கிய படங்களில் இதுவரை நமக்குக் கிடைக்காத வசதி.

செலவு பெரிது என்பது உண்மை. ‘அகிரா’வுக்குப் பின்னால் கோடன்ஷா என்ற பெரும் பதிப்பகமும் உதவி ஓவியர்களும் எட்டு ஆண்டு உழைப்பும் இருந்தன. ஆனால் மோபியஸின் அந்த நகரம் பிறந்தது ஒரு சிறுகதையில். இருபது பக்கங்களுக்குள் அடங்கிய வேலை, பின்னர் வந்த சினிமாக்களின் நகரத்தையே மாற்றியது. நமக்கும் முதலில் இருபது பக்கம் போதும். கொட்டாஞ்சேனையின் ஒரு சந்து, வெள்ளவத்தையின் ஒரு தொடர்மாடி, ஒரு குடும்பம், முப்பது வருடம் கழித்து ஒரு நாள்.

கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளிடமும், வார மலர்களில் பக்கம் வைத்திருக்கும் ஆசிரியர்களிடமும், புலம்பெயர் பதிப்பாளர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். ஓவியம் படிக்கும் பிள்ளைகளையும் கதை எழுதுகிறவர்களையும் ஒரு மேசையில் இருத்துங்கள். சிங்கள ஓவியர்களையும் அழையுங்கள், அவர்களிடம் வலுவான சித்திரக்கதை மரபு உண்டு. தொடர்மாடிக்கு மாற்றப்பட்டவர்களையும் 2007 இல் பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களையும் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். வரும் இருபது பக்கங்களை வார இதழில் தொடராகப் போடுங்கள், ஓவியருக்கு உரிய கூலியைக் கொடுங்கள். துறைமுக நகரின் கோபுரங்கள் இன்னும் பெரும்பாலும் கட்டப்படவில்லை. கட்டி முடியுமுன் நம் படம் வெளிவர வேண்டும்.